டிஜிட்டல் கலர் பிரிண்டர் வாங்கும்போது துணைக்கருவிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாக டிஜிட்டல் அச்சகம் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எந்தக் கம்பெனி இயந்திரம் நல்லது? கோனிகா மினோல்ட்டா, ரிக்கோ, கேனான், ஜெராக்ஸ் என்று பெயர்களை ஒப்பிட்டு வாரக்கணக்கில் அலைகிறார்கள். நானும் அலைந்தேன். ஆனால் உண்மையான திண்டாட்டம் கொட்டேஷன் கைக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. பிரதான இயந்திரத்துக்கு ஒரு வரி. அதற்குக் கீழே துணைக்கருவிகளைக் குறிக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் தனி விலை. எது இல்லாவிட்டால் வேலை நிற்கும், எதை இரண்டு வருடம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்தத் தாளில் எங்கும் எழுதியிருக்கவில்லை. கேட்டால், "இந்த செட்தான் எல்லோரும் எடுக்கிறார்கள்" என்ற பதில்தான் வந்தது.

அந்தப் பதிலோடு நீங்கள் நின்றுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் பேசுவது, நிமிடத்துக்கு 60 முதல் 100 பக்கம் வரை ஓடும், 13×19 அங்குலத் தாள் வாங்கும் டோனர் (மைத்தூள்) வகை இயந்திரங்களைப் பற்றி. தமிழ்நாட்டின் நகரங்களிலும் சிறு ஊர்களிலும் புதிதாகத் திறக்கப்படும் டிஜிட்டல் அச்சகங்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் தொடங்குகின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாள் ஊட்டும் பகுதியிலும், ஃபைலை அச்சுக்கு மாற்றித் தரும் கன்ட்ரோலரிலும் பணத்தைக் குறைக்காதீர்கள். மடிப்பது, பின் அடிப்பது, வெட்டுவது போன்ற பின்வேலைக் கருவிகளைக் கடைசியில் பாருங்கள். பின்வேலையை அடுத்த தெருவில் கொடுத்து வாங்கிவிடலாம். தாள் சிக்குவதையும் நிறம் மாறுவதையும் யாரிடமும் கொடுத்துச் சரிசெய்ய முடியாது.

1. வேலைப் பட்டியல் எழுதுங்கள்

விற்பனையாளரைச் சந்திப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதுங்கள். என்ன வேலைகள் வரும், அவற்றுக்கு எந்தத் தாள், எத்தனை ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை), மாதம் எத்தனை. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பள்ளிக்கூட மலர், குறைந்த பிரதிகள் அச்சாகும் புத்தகம், ஸ்டிக்கர், கிழியாத தாள், உணவக மெனு என்று வகைவகையாகப் பிரியுங்கள். "எல்லாம் வரும்" என்று எழுதினால் எல்லாத் துணைக்கருவியும் உங்கள் தலையில் கட்டப்படும்.

இதில் தாளின் நீளத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். 13×19 என்பது ஏறத்தாழ 330×483 மி.மீ. படுக்கைவாட்டில் அமைந்த ஏ4 மலரை விரித்தால் 594 மி.மீ. வரும். ஏ4 அளவுக்கு மடங்கும் மூன்று மடிப்பு பிரசுரம் விரிந்தால் 630 மி.மீ. இவை இரண்டும் சாதாரண டிரேயில் போகாது. ஏ4 புத்தகத்தின் அட்டை, 20 மி.மீ. முதுகோடு சேர்த்தால் 440 மி.மீ.; வெட்டு ஓரமும் சேர்ந்து 13×19இல் அடங்கிவிடும். அதே அட்டைக்கு உள்மடிப்பும் வேண்டுமென்றால் நீளத் தாள் தேவை. மாதம் ஒரு நீளத் தாள் வேலைகூட வராது என்றால் அதற்கான டிரேயைக் கொட்டேஷனிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கையால் ஒவ்வொன்றாக ஊட்டும் பைபாஸ் டிரேயில் நீளத் தாளை எத்தனை மி.மீ. வரை கொடுக்கலாம், அதில் இருபக்கமும் தானாக அச்சாகுமா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

2. தாள் ஊட்டும் டிரேக்களை நன்றாக எடுங்கள்

இந்த ஒரு பகுதியில்தான் புதியவர்கள் அதிகம் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். இயந்திரத்தின் உள்ளேயே இரண்டு மூன்று டிரேக்கள் இருக்கின்றன, பக்கவாட்டில் பெரிய டிரே எதற்கு என்று தோன்றும். பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மட்டும் ஓட்டுவதென்றால் அது சரி. பூச்சுள்ள ஆர்ட் பேப்பரும் ஆர்ட் கார்டும் ஓட்டுகிறவருக்குச் சரிவராது.

பூச்சுள்ள தாள் ஈரத்தை இழுத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாதாரண ரப்பர் உருளை அதை இழுக்கும்போது இரண்டு தாள் சேர்ந்து போகும், அல்லது ஒன்றுமே போகாது. சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தத் தொல்லை உச்சத்துக்குப் போகும். அதற்கு இரண்டு தீர்வுகள் துணைக்கருவிகளாகவே கிடைக்கின்றன. ஒன்று, தாள்களின் ஓரத்தில் காற்றை ஊதிப் பிரிக்கும் வசதி. மற்றொன்று, டிரேக்குள் ஈரத்தைப் போக்கும் ஹீட்டர். இன்னும் ஒரு படி மேலே, தாளை உறிஞ்சி இழுக்கும் வாக்குவம் பெல்ட் டிரேயும் உண்டு. விலை கூடும், கனமான கார்டும் ஸ்டிக்கரும் நாள் முழுவதும் ஓட்டுகிறவருக்கு அது நியாயமான செலவு.

கொட்டேஷனில் "பெரிய கொள்ளளவு டிரே" என்று மட்டும் இருந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். காற்று ஊதும் வசதி உண்டா? ஹீட்டர் அதனுள்ளேயே வருகிறதா, தனி விலையா? இரண்டு தாள் சேர்ந்து போனால் கண்டுபிடித்து நிறுத்தும் உணரி உண்டா? சில மாடல்களில் ஹீட்டர் தனிக் குறியீடாக விற்கப்படுகிறது. இயந்திரம் கடைக்குள் வந்த பிறகு இதை அறிந்தால், அந்தச் சிறு பொருளுக்குத் தனியாக ஆர்டர் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

புத்தகம் அச்சிடுகிறவர்கள் இரட்டைத் தாள் உணரியை விட்டுக்கொடுக்கவே கூடாது. நடுவில் இரண்டு வெற்றுப் பக்கங்கள் நுழைந்த புத்தகம், பைண்டிங் முடிந்து, வாசகர் கைக்குப் போன பிறகுதான் தெரியவரும்.

அதிகபட்ச ஜி.எஸ்.எம். விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. விளம்பரத் தாளில் 350 அல்லது 360 என்று போட்டிருப்பார்கள். அது எந்த டிரேயிலிருந்து, ஒரு பக்கத்துக்கா இருபக்கத்துக்கா, அப்போது வேகம் எவ்வளவு குறைகிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

தபால் கவர் அச்சிடும் வேலை நிறைய உண்டு என்றால் இன்னொரு கேள்வி. டோனரைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் பகுதி ஃபியூசர். சாதாரண ஃபியூசரில் கவர் சுருங்கி மடியக்கூடும்; அதற்கென்றே தனி ஃபியூசர் சில மாடல்களுக்குக் கிடைக்கிறது. மாதம் சில நூறு கவர்தான் என்றால் அது வேண்டாம்.

3. கன்ட்ரோலரை உங்கள் ஃபைலை வைத்துச் சோதியுங்கள்

கணினியிலிருந்து வரும் ஃபைலை அச்சுப் புள்ளிகளாக மாற்றித் தருவது கன்ட்ரோலர். பல கம்பெனிகளின் இயந்திரங்களுக்கு ஃபியரி (Fiery) என்ற பெயருள்ள கன்ட்ரோலர் உண்டு. சில கம்பெனிகள் தங்கள் சொந்த கன்ட்ரோலரையும் தருகின்றன. ஃபியரியிலேயே இயந்திரத்தோடு ஒட்டி வருவது ஒரு வகை, தனிச் சர்வராகப் பக்கத்தில் நிற்பது இன்னொரு வகை. தனிச் சர்வர் விலை அதிகம். கனமான படங்களோடு பெயர் மாறி மாறி அச்சாகும் சான்றிதழ், அடையாள அட்டை போன்ற வேலைகளும் நீண்ட புத்தகங்களும் தினமும் வந்தால் அது வேண்டும். நாளுக்கு இருபது முப்பது சிறு வேலைகள் என்றால் ஒட்டி வருவதே போதும்.

முக்கியமான கண்ணி மென்பொருளில் இருக்கிறது. அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் ஃபியரியின் கமாண்ட் வொர்க்ஸ்டேஷன் இலவசம். ஆனால் ஒரு தாளில் பல பக்கங்களை அடுக்கும் இம்போஸ் தனி உரிமம். விற்பனையாளர் சேம்பிள் காட்டும் கணினியில் எல்லாமே திறந்திருக்கும். உங்கள் கடைக்கு வருவதில் பாதி பூட்டியிருக்கும். ஆகவே சேம்பிள் பார்க்கும்போது திரையில் பயன்படுத்தப்படும் ஒவ்வொரு வசதியையும் காட்டி, "இது எங்கள் கொட்டேஷனில் எந்த வரி?" என்று கேளுங்கள். கோரல்டிரா வடிவமைப்பு மென்பொருளிலேயே பக்கம் அடுக்கிப் பழகியவர் இம்போஸ் உரிமத்தை முதல் வருடம் தள்ளிப்போடலாம். புத்தக வேலை பிரதானம் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

சேம்பிளுக்கு அவர்கள் தரும் பளபளப்பான பழப் படத்தை நம்பாதீர்கள். உங்கள் கடைக்கு உண்மையில் வரக்கூடிய ஃபைல்களை பென்டிரைவில் கொண்டுபோங்கள். கோரல்டிராவில் நிழலும் கண்ணாடித் தன்மையும் வைத்துச் செய்த கல்யாணப் பத்திரிகை ஒன்று. யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு உள்ள பி.டி.எஃப். ஒன்று. கறுப்புப் பின்னணியில் 6 பாயின்ட் தமிழ் எழுத்து வெள்ளையாக வரும் விசிட்டிங் கார்டு ஒன்று. தமிழ் எழுத்தின் சுழிகள் நிறைந்துபோகின்றனவா, கொம்பும் காலும் இடம் மாறுகின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்துரு பதிக்கப்படாத பி.டி.எஃப்.பில் எழுத்து மாறினால் அது இயந்திரத்தின் குறை அல்ல. வடிவமைப்பாளரிடம் சொல்லி எழுத்தைக் கோடுகளாக மாற்றி வாங்கிச் சோதியுங்கள். குங்குமச் சிவப்பும் மஞ்சளும் முழுப் பரப்பில் நிரம்பிய ஒரு தாளை ஐம்பது பிரதி ஓடச் சொல்லி, முதல் தாளையும் கடைசித் தாளையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் நேராகப் பொருந்துகின்றனவா என்பதைத் தாளை வெளிச்சத்தில் பிடித்தாலே அறியலாம்.

4. நிறம் அளக்கும் கருவி

நிறத்தைப் படித்து இயந்திரத்தைத் திருத்த உதவும் கையடக்கக் கருவி கன்ட்ரோலரோடு தனி விலையில் வருகிறது. ஒரே வாடிக்கையாளர் அதே லோகோவை மாதாமாதம் அச்சிட வருவார் என்றால் இது அவசியம். சில இயந்திரங்களில் வெளிவரும் தாளைத் தானே படித்து, நிறத்தையும் முன்பின் பொருத்தத்தையும் ஓடும்போதே திருத்தும் பிரிவை இணைக்கலாம். கோனிகா மினோல்ட்டாவின் ஐக்யூ-501 இந்த வகை. அருமையான வசதி. ஆனால் புதிதாகத் தொடங்கும் கடைக்கு அந்த விலை பெரும்பாலும் தாங்காது. கைக்கருவியை வாங்கி, தினமும் காலையில் முதல் வேலையாக அளவீடு செய்யும் பழக்கத்தைப் பணியாளருக்கு ஏற்படுத்துங்கள்.

5. ஃபினிஷர்: கணக்குப் போட்ட பிறகு முடிவெடுங்கள்

இயந்திரத்தின் முடிவில் தாள்களை அடுக்கி, பின் அடித்து, மடித்து, வெட்டித் தரும் பகுதிக்கு ஃபினிஷர் என்று பெயர். விற்பனையாளர் முதலில் காட்டுவதும் இதைத்தான், ஏனென்றால் முடிந்த புத்தகம் வெளியே வந்து விழுவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

இப்படிக் கணக்குப் போடுங்கள். சென்டர் பின் அடித்து மடிக்கும் பகுதிக்கு 6 லட்சம் ரூபாய் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம், அதாவது 60 மாதத்துக்குப் பிரித்தால் வட்டி இல்லாமலே மாதம் 10,000 ரூபாய். மாதம் 500 மலர் செய்தால் ஒரு மலருக்கு 20 ரூபாய். உங்கள் ஊரில் சென்டர் பின் அடித்து ஓரம் வெட்டித் தருவதற்கு என்ன கூலி என்று கேட்டு, இந்த இருபதோடு ஒப்பிடுங்கள். மாதம் 5,000 மலர் என்றால் அது 2 ரூபாயாக இறங்கும். அப்போது பேச்சே வேறு.

ஃபினிஷர் எடுப்பதென்று முடிவானால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எத்தனை தாள் வரை பின் அடிக்கும், அது எந்த ஜி.எஸ்.எம். தாளுக்குச் சொன்ன கணக்கு என்று கேளுங்கள். 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோவுக்குச் சொன்ன எண்ணிக்கை 130 ஆர்ட் பேப்பருக்குப் பொருந்தாது. முன் ஓரத்தை மட்டும் வெட்டுமா, மூன்று ஓரமும் வெட்டுமா? ஒரு ஓரம் மட்டுமே என்றால் மற்ற இரண்டுக்கும் வெளியே கட்டிங் இயந்திரத்துக்குத்தான் போக வேண்டும்; பாதி வேலை வெளியே போகிறதென்றால் முழுதும் போகட்டுமே என்பது என் எண்ணம்.

கிரீசிங் மட்டும் விதிவிலக்கு. கனமான கார்டில் டோனர் மேல் மடித்தால் மடிப்பில் நிறம் உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். கல்யாணப் பத்திரிகையில் அதை யாரும் ஏற்கமாட்டார்கள். ஆகவே மடிப்புக் கோடு அழுத்தும் கருவி முதல் நாளிலிருந்தே கடையில் இருக்க வேண்டும். அதை இயந்திரத்தோடு இணைத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. தனியாக மேசையில் வைக்கும் கிரீசிங் இயந்திரம் போதும். நான்கு ஓரமும் வெட்டி, கிரீசிங்கும் போட்டு, விசிட்டிங் கார்டாகவே வெளியே தரும் கோனிகா மினோல்ட்டாவின் டியூ-510 போன்ற இணைப்பு, விசிட்டிங் கார்டும் பிரசுரமும் நாள் முழுவதும் ஓடும் கடைகளுக்கே உரியது.

இன்னொரு கண்ணி: பல ஃபினிஷர்கள் நேராகப் பிரதான இயந்திரத்தோடு சேராது. இடையில் ஓர் இணைப்புப் பகுதி வேண்டும். அதற்குத் தனிக் குறியீடு, தனி விலை. கொட்டேஷனில் அது விடுபட்டிருந்தால் மலிவாகத் தெரியும்.

6. தங்கமும் வெள்ளையும்

ஐந்தாவது நிறம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிக்கோ ப்ரோ சி7500இல் வழக்கமான சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு நிறத்துக்கு மேல் வெள்ளை, நிறமற்ற பூச்சு, ஒளிரும் நிறம் போன்ற ஒன்றைச் சேர்க்க முடியும். ஜெராக்ஸ் இரிடெஸ் ஒரே ஓட்டத்தில் ஆறு நிறம் வரை அச்சிடும். அதில் தங்கமும் வெள்ளியும் உண்டு. பத்திரிகையில் தங்க எழுத்து கேட்கிறார்களே என்பதற்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம். கறுப்பு டோனரில் அச்சிட்ட எழுத்தின் மேல் ஃபாயில் (foil) எனப்படும் மெல்லிய தங்கநிறப் படலத்தை வைத்து லேமினேஷன் இயந்திரத்தில் சூடாக ஓட்டினால் அது டோனரில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அதன் பளபளப்பு, டோனர் தங்கத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். கறுப்புத் தாளிலும் கண்ணாடி போன்ற ஸ்டிக்கரிலும் வெள்ளை அச்சு வேண்டும் என்று நிலையாகக் கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால் மட்டும் ஐந்தாவது நிறத்தை யோசியுங்கள்.

ஸ்கேனரும், நகலெடுக்க வேண்டிய மூலத் தாள்களை அதற்குள் ஊட்டும் கருவியும் இதே வகைதான். நகல் எடுக்க ஆட்கள் வந்து நிற்கும் கடை என்றால் எடுங்கள்; ஃபைல் வாங்கி அச்சிடும் கடைக்குத் தேவையில்லை.

7. இடமும் மின்சாரமும்

ஒவ்வொரு துணைக்கருவியும் இயந்திரத்தை நீளமாக்கும். பக்கவாட்டு டிரேயும் ஃபினிஷரும் சேர்ந்தால் சிறிய அறையில் நீளம் போதாது. கதவுகள் திறக்கவும் சிக்கிய தாளை எடுக்கவும் சுற்றிலும் இடம் வேண்டும். எல்லாத் துணைக்கருவிகளும் சேர்ந்த அளவு வரைபடத்தைக் கேட்டு வாங்கி, தரையில் சாக்பீஸால் வரைந்து பாருங்கள். வாசற்படியின் அகலத்தையும் அளவெடுங்கள். மாடி என்றால் தரை எடையைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். பிரதான இயந்திரம் மட்டுமே சில நூறு கிலோ இருக்கும்.

மின்சாரத்தில், பெரிய ஃபினிஷருக்கும் ஹீட்டருக்கும் தனி மின் இணைப்பு தேவைப்படலாம். எத்தனை பிளக், ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர், சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்று எழுதி வாங்குங்கள். ஏசியும் சேர்த்துக் கூட்டினால் உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட கிலோவாட் போதாமல் போகும் வாய்ப்பு அதிகம். மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, மீட்டர் மாறி வர நாளாகும்; அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். சர்வோ ஸ்டெபிலைசர், கன்ட்ரோலருக்காவது ஒரு யு.பி.எஸ்., தனி எர்த்திங் ஆகியவற்றையும் செலவுக் கணக்கில் சேருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் வோல்ட்டேஜ் அதிகம் என்று காரணம் சொல்லி, வாரண்டியை மறுத்த கதைகளை அச்சகக்காரர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அறை வெப்பம் 20 முதல் 25 டிகிரிக்குள்ளும் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள்ளும் இருப்பது நல்லது. தாள் கட்டுகளையும் அதே அறையில் வையுங்கள்.

8. கொட்டேஷனும் கடனும்

வங்கிக் கடனோ மானியமோ வாங்குகிறவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். கடன் அனுமதியாவது கொட்டேஷனில் உள்ள பொருள்களுக்குத்தான். வங்கி பணத்தை நேராக விற்பனையாளருக்கு அனுப்பும். பிறகு நினைவுக்கு வரும் டிரேயும் உரிமமும் உங்கள் கைப்பணம். எனவே மேலே சொன்ன அத்தனையையும் முடிவுசெய்த பிறகே இறுதி கொட்டேஷனை வங்கியில் கொடுங்கள். கிரீசிங், கட்டிங், லேமினேஷன் இயந்திரங்களுக்கும் ஸ்டெபிலைசருக்கும் தனித்தனி கொட்டேஷன் வாங்கி ஒரே திட்ட அறிக்கையில் சேர்க்கலாம்.

மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமான பி.எம்.இ.ஜி.பி., தமிழக அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டம் ஆகிய இரண்டையும் பற்றிக் கேளுங்கள். பி.எம்.இ.ஜி.பி.யில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு ஏற்கப்படும். ஆகவே உங்கள் அச்சகம் எந்தப் பிரிவில் சேர்க்கப்படும் என்பதே முதல் கேள்வி. நீட்ஸ் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. 25 சதவீத மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. அனுமதி வருவதற்கு முன் இயந்திரத்தை வாங்கிவிடாதீர்கள். பழைய இயந்திரம் வாங்கும் எண்ணம் இருந்தால் மானியம் பொருந்துமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பான் அட்டை, ஆதார், உத்யம் (Udyam) எனப்படும் சிறு தொழில் பதிவுச் சான்று (இணையத்தில் இலவசம், பணம் கேட்கும் தளங்களை ஒதுக்குங்கள்), ஜி.எஸ்.டி. பதிவு, கடை வாடகை ஒப்பந்தம், வருமான வரிக் கணக்கு, திட்ட அறிக்கை.

ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 30 லட்சம் ரூபாய்க்கு வாங்கினால் 5.40 லட்சம் வரி. உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் வாங்கும் நாளில் அது உங்கள் கையிலிருந்துதான் போகும். கழித்துக்கொண்ட வரித் தொகைக்குத் தேய்மானம் கோர முடியாது. விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது.

9. கிளிக் ஒப்பந்தத்தில் துணைக்கருவிகள் சேருமா?

டோனர், டிரம், ஃபியூசர், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவது கிளிக் முறை. ஏ4 ஒரு கிளிக், ஏ3 இரண்டு கிளிக் என்பது பொதுவான வழக்கம். நீளத் தாளுக்கு எத்தனை, ஒரு பக்கம் மட்டும் அச்சாகும்போது பின்பக்கம் கணக்கில் வருமா, கறுப்பு மட்டும் உள்ள பக்கம் கலராகக் கணக்காகுமா, மாதக் குறைந்தபட்சம் உண்டா, ஒவ்வொரு வருடமும் விலை ஏறுமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

துணைக்கருவிகளைப் பற்றியும் தனியாகக் கேளுங்கள். ஃபினிஷரின் வெட்டுக் கத்தி, பின் பெட்டி, டிரேயின் இழுப்பு உருளைகள், கன்ட்ரோலரின் ஹார்ட் டிஸ்க், நிறம் அளக்கும் கருவியின் வருடாந்தரச் சோதனை ஆகியவை ஒப்பந்தத்துக்குள் வருகின்றனவா? "முழுப் பராமரிப்பு" என்ற தலைப்பை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். விதிவிலக்குகள் கடைசிப் பக்கத்தில் இருக்கும். உங்கள் ஊரில் அந்தக் கம்பெனிப் பொறியாளர் இருக்கிறாரா, அடுத்த மாவட்டத்திலிருந்து வர வேண்டுமா என்பதும் இங்கேயே கேட்க வேண்டியது.

10. எப்போது வாங்குவது, எதில் கையெழுத்திடுவது

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை; பத்திரிகை வேலையும் குறைவு. இயந்திரம் ஆடியில் வந்து இறங்கினால் ஆவணி முகூர்த்தத்துக்குள் பணியாளர் கைபழகிவிடுவார். அதற்கு ஏற்ப, கொட்டேஷன் பேச்சைச் சித்திரையிலேயே தொடங்குங்கள். கடனுக்கும் மின் இணைப்புக்கும் அவ்வளவு காலம் வேண்டும். பிரதான இயந்திரம் கையிருப்பில் இருந்தாலும் துணைக்கருவிகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக டெலிவரி தேதி எழுதி வாங்கி, கடைசிப் பொருள் பொருத்தப்படும்வரை ஒரு பகுதிப் பணத்தை நிறுத்திவைக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். எவற்றைப் பின்னால் கடையிலேயே பொருத்த முடியும், எவை தொழிற்சாலையிலேயே பொருத்தி வர வேண்டும் என்ற பட்டியலையும் அப்போதே கேளுங்கள்.

நிறுவி முடித்ததும் ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். வாரண்டி அன்றிலிருந்துதான் ஓடத் தொடங்கும். கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறியீட்டையும் பொருளோடு ஒப்பிட்டு, தொடர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஹீட்டர் உண்மையில் சூடாகிறதா, காற்று ஊதுகிறதா, இம்போஸ் திறக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். கவுன்டர் எண்ணைப் புகைப்படம் எடுங்கள். நிறுவும்போது சோதனைக்கு ஓடிய பக்கங்கள் உங்கள் கிளிக் கணக்கில் சேரக் கூடாது. மென்பொருள் உரிமக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு, இயந்திரத்தின் தொடர் எண்ணோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் பழுதாகி கன்ட்ரோலரை மறுபடி நிறுவும் நாளில் பொறியாளர் முதலில் கேட்பது அதைத்தான்.